தனியார் விடுதி ஏரிகளின் கரைகளையும் மழைக்கு முன் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழை தொடங்கும் முன் பெரிய அணைகளின் மதகுகளையும் ஷட்டர்களையும் சரிபார்க்கும் வேலை ஆண்டுதோறும் நடக்கிறது. ஊர் ஏரிகளைப் பார்க்கவும் துறை இருக்கிறது, கரை கசிந்தால் சத்தம் போட விவசாயிகள் இருக்கிறார்கள். ஆனால் மலைப்பகுதிகளில் தங்கும் விடுதிகளும் எஸ்டேட்டுகளும் ஓடையை மறித்து, படகு விடவும் தூண்டில் போடவும் கட்டிவைத்திருக்கும் சிறு அணைகளைப் பார்க்க ஆளில்லை. நீர்ப்பாசனக் கட்டுமானங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாங்கள் சிலர், இந்தக் குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்கும், முக்கியமாக அந்த ஏரிகளின் உரிமையாளர்கள் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறோம்.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை சில நிபந்தனைகளோடு அதில் சேரும்: கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாதிருக்க வேண்டும், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாதிருக்க வேண்டும், அல்லது வெள்ள வெளியேற்றம் வினாடிக்கு 2,000 கன மீட்டரை எட்ட வேண்டும். அடித்தளம் சிக்கலானது, வடிவமைப்பு வழக்கத்துக்கு மாறானது என்றாலும் சேர்த்துக்கொள்வார்கள். 10 மீட்டருக்குக் கீழே உள்ளது எதுவும் கணக்கில் இல்லை. விடுதிக்காகக் கட்டும் கரை பெரும்பாலும் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. ஆகவே தேசிய ஆணையமும் மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பும் அதன் பக்கம் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

சிறியதுதானே என்று விடக்கூடாது. 5 மீட்டர் உயரக் கரை, இரண்டரை ஏக்கர் பரப்பு, சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தேங்கியிருப்பது 20,000 கன மீட்டர். சட்டம் குறிப்பிடும் கொள்ளளவில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தக் கரை உடைந்தால் உச்ச வெள்ளம் எவ்வளவு வரும் என்பதை, உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஃப்ரோலிக் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வினாடிக்குச் சுமார் 80 கன மீட்டர் என்று வருகிறது. கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் நாலு மீட்டர் அகல ஓடையில் இவ்வளவும் சில நிமிடங்களில் இறங்கினால், ஓடையோரத்து எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் சிறு பாலமும் நிற்காது. கீழே இன்னொரு விடுதியின் ஏரி இருந்தால் அதுவும் சேர்ந்து உடையும்.

பொழுதுபோக்கு அணைக்கு என்று தனி ஆபத்து ஒன்று உண்டு. பாசன ஏரியில் தண்ணீர் ஏறும், இறங்கும். கோடையில் கரையின் உட்புறம் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். விடுதி ஏரியோ ஆண்டு முழுவதும் தளும்பி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க நன்றாக இருக்காது. மீன் தப்பக்கூடாது, கரைமேல் கார் போக வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும், உட்கார மண்டபம் வேண்டும். விருந்தினர் வசதிக்காகச் செய்யும் இந்த ஒவ்வொன்றும் கரையின் உயிரில் கைவைக்கிறது.

இதற்கு 1889-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உடைந்த சவுத் ஃபோர்க் அணையைவிடத் தெளிவான சான்று இல்லை. கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டிக் கைவிட்ட, 72 அடி உயர மண் அணை அது. பலர் கைமாறி, 1879-இல் ஒரு தனியார் மீன்பிடி, வேட்டைக் கழகத்திடம் வந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற பெரும் தொழிலதிபர்கள் அதன் உறுப்பினர்கள். அணையின் அடியில் தண்ணீரை வெளியேற்ற 5 வார்ப்பிரும்புக் குழாய்கள் முதலில் இருந்தன. கழகத்துக்கு முந்தைய உரிமையாளர் அவற்றைப் பிடுங்கிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். கழகம் திரும்பப் பதிக்கவில்லை. ஆக, ஏரியை இறக்கிப் பழுதுபார்க்க வழியே இல்லாமல் போனது. கரைமேல் குதிரை வண்டிகள் வசதியாகப் போக, உச்சியை 3 அடி வரை வெட்டித் தாழ்த்தினார்கள். முன்பு ஒரு முறை உடைந்து அடைத்த நடுப்பகுதி வேறு அமுங்கிக் கிடந்தது. வளர்க்கும் மீன்கள் கலிங்கு, அதாவது மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் திறப்பு, வழியே போய்விடாதிருக்கக் குறுக்கே கம்பித் தடுப்புகளைப் பொருத்தினார்கள்.

ஜான்ஸ்டவுன் நகரத்து இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல், 1880-இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். வெளியேற்றுக் குழாய் இல்லை, கசிவு இருக்கிறது என்று ஃபுல்டன் எழுதிக் கொடுத்தார். பழுதுபார்க்கும் செலவில் பங்கு தருவதாகக்கூட மோரல் சொன்னார். ஆபத்து ஒன்றுமில்லை என்று கழகம் கடிதத்தோடு முடித்துக்கொண்டது. 1889 மே 31 அன்று பெருமழையில் அடித்துவந்த கிளைகளும் குப்பையும் மீன் தடுப்பில் அடைத்துக்கொண்டன. வேலையாட்கள் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மறுபக்கம் புதிதாக ஒரு வழி வெட்டப் பார்த்தார்கள். மண் இறுகிக் கிடந்தது. தாழ்ந்த நடுப்பகுதி மேல் தண்ணீர் ஏறி, பிற்பகல் 3 மணியளவில் அணை போனது. சுமார் 14 மைல் கீழே இருந்த நகரத்தை ஒரு மணி நேரத்தில் வெள்ளம் அடைந்தது. 2,209 பேர் இறந்தார்கள்.

நம் விடுதி ஏரிகளில் இன்றைக்கும் இதே நான்கு தவறுகள்தான் நடக்கின்றன, அளவுதான் சிறியது. அதில் முதலில் கலிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்கரைமேல் தண்ணீர் வழியவே கூடாது. வழியும் தண்ணீர் வெளிச்சரிவின் அடியிலிருந்து மண்ணைப் பறித்துக்கொண்டே மேலேறும். சில மணி நேரத்தில் கரை வாய் பிளந்துவிடும். இதைத் தடுப்பது கலிங்கு மட்டுமே.

ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் 60 விழுக்காடு ஓடி வந்தால் வினாடிக்குச் சுமார் 16.7 கன மீட்டர் வரும். மணிக்கு 10 சென்டிமீட்டர் என்பது வானிலைத் துறை மேகவெடிப்புக்குச் சொல்லும் அளவு. நடக்காத கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 90-ஐத் தாண்டியது. அந்த 16.7 கன மீட்டரும் ஒரு மீட்டர் ஆழத்தில் பாய வேண்டுமானால், அகலமான தளம் கொண்ட கலிங்குக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர் நீளம் தேவை. அதற்கும் மேலே அலைக்காகவும் கரை அமுங்குவதற்காகவும் அரை மீட்டராவது உயரம் மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் ஏரியின் கலிங்கு எத்தனை மீட்டர் என்று ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். பல இடங்களில் கலிங்கு என்ற பெயரில் இருப்பது ஒன்றிரண்டு சிமென்ட் குழாய்கள்தான். ஒரு வாழைத்தண்டு வந்து மாட்டினால் அதுவும் இல்லை.

மீன் தடுப்பு செய்யும் வேலையையும் எண்ணில் பார்க்கலாம். 6 மீட்டர் கலிங்கில் 75 சென்டிமீட்டர் உயரத்தில் பாய்ந்தால் வெளியேறுவது வினாடிக்குச் சுமார் 6.6 கன மீட்டர். வலையில் சருகு அடைத்துப் பாதி அகலம் போய்விட்டால், அதே அளவு வெளியேற நீர்மட்டம் 1.19 மீட்டர் ஏற வேண்டும். கலிங்குக்கும் கரை உச்சிக்கும் ஒரு மீட்டர்தான் இடைவெளி என்றால், அதற்கு முன்பே தண்ணீர் கரைமேல் வந்துவிடும். மீன் வேண்டும் என்பவர்கள் வலையைக் கலிங்கின் வாயில் நட்டு வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் கழற்றிவிட வேண்டும். மீன் போனால் போகட்டும். கலிங்கின் மேல் பலகை, மணல்மூட்டை அடுக்கி "இன்னும் ஒரு அடி" தண்ணீர் நிறுத்துவதும் இதே வகைதான். 2006 மார்ச்சில் ஹவாயின் காவாய் தீவில் தனியாருக்குச் சொந்தமான கா லோகோ அணை உடைந்து 7 பேர் இறந்தபோது, கலிங்கு மண்ணால் மூடப்பட்டிருந்தது என்பதே விசாரணையின் மையப் பிரச்சினை ஆயிற்று.

அடுத்தது அடிமதகு, அதாவது கரையின் அடியில் பதித்து ஏரித் தண்ணீரை வெளியேற்றும் குழாய். ஏரியை இறக்க வழியில்லாத அணை, பழுதுபார்க்க முடியாத அணை. குழாயை எங்கே அடைக்கிறோம் என்பதும் முக்கியம். செலவு குறைவு என்று வால்வைக் கரைக்கு வெளியே, கீழ்ப்பக்கம் வைத்துவிடுகிறார்கள். அப்படியானால் கரைக்குள் கிடக்கும் குழாய் முழுவதும் எப்போதும் நீரழுத்தத்தில் இருக்கும். ஒரு இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் நேராகக் கரையின் வயிற்றுக்குள் பீய்ச்சும். அடைப்பு நீர்ப்பக்கம் இருக்க வேண்டும். 1982 ஜூலையில் கொலராடோவின் லான் லேக் அணை உடைந்தது இப்படிப்பட்ட சிறு காரணத்தால்தான்: வெளியேற்றுக் குழாயும் வால்வும் சேரும் இடத்து ஈயப்பூச்சு கெட்டுக் கசிந்து, உள்ளே மண் அரித்துவிட்டது. 26 அடி உயர அணைதான். போகிற வழியில் கீழே இருந்த கேஸ்கேட் லேக் அணையையும் சேர்த்து உடைத்தது. 3 பேர் இறந்தார்கள்.

ஹியூம் (சிமென்ட்) குழாயோ இரும்புக் குழாயோ, மதகிலிருந்து வரும் தண்ணீர் கலங்கலாக வந்தாலும், குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே கரையில் சிறு குழி விழுந்தாலும் உள்ளே மண் போகிறது என்று அர்த்தம். அந்தக் குழியில் ஒரு லோடு மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போகிறவர்கள் ஆபத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். வால்வை ஆண்டுக்கு இரண்டு முறை முழுதாகத் திறந்து மூட வேண்டும். திறக்கும் முன் கீழே ஓடையில் ஆள், மாடு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏரியை இறக்கும்போது அவசரமில்லை என்றால் நாளுக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கக்கூடாது. ஊறிய களிமண் கரைக்கு எதிரே தாங்கிய தண்ணீர் சட்டென்று போய்விட்டால் உட்சரிவு அப்படியே வழுக்கி விழும்.

கசிவு இல்லாத மண்கரை கிடையாது. பார்க்க வேண்டியது அதன் நிறத்தையும் அளவையும். கரையடியில் வரும் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளிருந்து அரிபடுகிறது. அளவைப் பார்க்க, கசிவு சேரும் வாய்க்காலில் 90 பாகை 'வி' வெட்டுப் போட்ட தகரத் தகடு ஒன்றை நட்டால் போதும். வெட்டின் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரம் ஓடினால் வினாடிக்கு 0.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 10 சென்டிமீட்டர் என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் அளவு ஐந்தரை மடங்குக்கும் மேல் போய்விடும் என்பதால் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தையும் அலட்சியப்படுத்தக்கூடாது. வாரம் ஒரு முறை தேதி, ஏரி மட்டம், மழை, தகட்டின் அளவு ஆகிய நான்கையும் நோட்டில் எழுதினால் போதும். ஏரி மட்டம் மாறாமல், மழையும் இல்லாமல் கசிவு கூடினால் உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

விடுதிகளில் இதைக் கண்டுபிடிக்க விடாத ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிச்சரிவில் புல்தரை போட்டு, அதற்குத் தினமும் ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் விடுகிறார்கள். எந்த ஈரம் ஏரியிலிருந்து வந்தது, எது குழாயிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சரிவில் அருகம்புல் போதும். குட்டையாக வெட்டி வைக்க வேண்டும், தண்ணீர் விடக்கூடாது. விளக்குக் கம்பத்துக்குக் குழி, மின்கம்பிக்குக் கரையைக் குறுக்கே வெட்டிய பள்ளம், மண்டபத்துக்கு அஸ்திவாரம் எல்லாம் தண்ணீருக்கு நாமே போட்டுக் கொடுக்கும் பாதை.

மரமும் அப்படித்தான். கரைமேல் சில்வர் ஓக், யூகலிப்டஸ் நட்டால் காற்றில் சாயும்போது வேரோடு ஒரு பெரிய மண்துண்டும் போகும். பட்டுப்போனால் மக்கும் வேர் குழாயாக மாறும். கரையிலும் கரையடியிலிருந்து 7 மீட்டர் தொலைவு வரையிலும் மரம் கூடாது. ஏற்கெனவே வளர்ந்த பெரிய மரமென்றால் ஏரியை இறக்கிவிட்டு, தூரையும் பெருவேர்களையும் தோண்டி எடுத்து, குழியை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக ஈரம் பார்த்துக் கெட்டித்து நிரப்ப வேண்டும். ஜேசிபி மேலே நாலு முறை ஓடினால் மண் கெட்டிப்பட்டுவிடும் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ரோலர் வேண்டும், குறுகிய இடத்தில் கைத்திமிசோ இயந்திரத் திமிசோ வேண்டும். எலி, நண்டு வளைகளையும் விடக்கூடாது. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் திவரே அணை உடைந்தபோது நண்டுகள்மேல் பழி போட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரையில் நண்டு வளை பெருகியிருந்தால் அதைப் பார்த்து அடைக்க ஆள் போடவில்லை என்பதுதான் செய்தி.

கரை உச்சி அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடி டியூப்பில் தண்ணீர் நிரப்பி 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் மட்டம் பார்த்தால் போதும். நடுவில் தாழ்ந்திருந்தால் உயர்த்தியே ஆக வேண்டும். முதலில் வழிவது அங்கேதான். வெளிச்சரிவில் பிறைபோல் வெடிப்பு, அடியில் வீக்கம், கம்பமோ வேலியோ சாய்ந்திருப்பது தெரிந்தால் சரிவு நகர்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை 1957-இல் மின்னுற்பத்தி நின்றபின் வெறும் பொழுதுபோக்கு ஏரியாகவே இருந்தது. அதன் செங்குத்தான வெளிச்சரிவு சரிந்திருப்பது 1973-இல் எடுத்த புகைப்படத்திலேயே பதிவாகியிருந்தது. 1977 நவம்பர் 6 நள்ளிரவுக்குப் பின் அணை உடைந்து 39 பேர் இறந்தார்கள். தனியார் அணைகளை நாடு முழுவதும் சோதிக்க அதிபர் கார்ட்டர் ஆணையிட்டது அதன் பிறகுதான்.

ஆபத்து கண்முன் வந்துவிட்டால் செய்ய வேண்டியவை: முதலில் கீழே இருப்பவர்களை எழுப்பி மேடேற்ற வேண்டும்; மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குச் சொல்ல வேண்டும்; மதகைத் திறக்க வேண்டும். கரையடியில் மணலோடு தண்ணீர் குமிழியிட்டால் அதைக் களிமண்ணோ கான்கிரீட்டோ வைத்து அடைக்கவே கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் துளைத்துக்கொண்டு வரும். சுற்றி மணல்மூட்டையை வளையமாக அடுக்கி உள்ளே மட்டம் ஏற விட வேண்டும். தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். பரந்த இடத்தில் ஊறினால் கீழே பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று 15 சென்டிமீட்டர் அளவில் பரப்ப வேண்டும். தண்ணீர் போகட்டும், மண் போகக்கூடாது. ஒரு லோடு மணலும் இரு வகை ஜல்லியும் 200 காலிச் சாக்குகளும் மழைக்காலம் முழுவதும் கரையருகே கிடக்க வேண்டும்.

அரசுக்கு எங்கள் கோரிக்கை பெரிதல்ல. மலை மாவட்ட ஆட்சியர்கள், 3 மீட்டருக்கு மேல் கரை உள்ள தனியார் நீர்த்தேக்கங்கள் அனைத்தையும் கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கணக்கெடுக்க வேண்டும். தென்காசிப் பகுதியில் ஓடைநீரைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய விடுதிகள் விவகாரத்தில் 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்ட பிறகுதான் ஆய்வு நடந்தது; ஏரிகளுக்கும் நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கீழே வீடோ சாலையோ இருப்பவை எவை என்று பிரித்து, அவற்றை மே மாதத்திலும் செப்டம்பரிலும் நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் நடந்து பார்த்துச் சான்று தர வேண்டும். கட்டணத்தை உரிமையாளர் கட்டட்டும். சான்று இல்லாத விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கக்கூடாது. கலிங்கின் அளவு, அடிமதகு இருக்கிறதா, கடைசியாக எப்போது திறந்தார்கள், கீழே எத்தனை குடும்பங்கள், யாருடைய தொலைபேசி எண் என்ற விவரங்கள் ஒரே தாளில் அடங்கிவிடும். அந்தத் தாளின் பிரதி ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். கீழே குடியிருப்பவர்களுக்கு அதைப் பார்க்கும் உரிமை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.